வேலிக்கு வெளியே: பெரிய தீம் பார்க் வந்தால் அங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன ஆகும்?

இங்கிலாந்தின் பெட்ஃபர்ட் நகருக்கு அருகே, கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக் என்ற இடத்தில், பழைய செங்கல் சூளை நிலம் 476 ஏக்கர் கிடக்கிறது. அங்கே மிகப் பெரிய தீம் பார்க் ஒன்றைக் கட்டப்போவதாக யுனிவர்சல் நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. 2031-இல் திறப்பது இலக்கு. முதல் ஆண்டிலேயே 85 லட்சம் பேர் வருவார்கள், கட்டுமானத்தின்போது சுமார் 20,000 பேருக்கும் திறந்த பிறகு சுமார் 8,000 பேருக்கும் வேலை கிடைக்கும் என்பது அறிவிப்பில் சொல்லப்பட்ட கணக்கு. பெட்ஃபர்ட் பரோவின் (நகரும் சுற்றுப்புறமும் சேர்ந்த உள்ளாட்சிப் பகுதி) மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,85,000. குழந்தைகள் உட்பட ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பத்தாறு வெளியூர்க்காரர்கள் என்று இதைப் படிக்கலாம்.

இப்படி ஓர் அறிவிப்பு எங்கே வந்தாலும் இரண்டு குரல்கள் எழுகின்றன. "ஊருக்கு விடிவுகாலம்" என்கிறது ஒன்று. "இனி இங்கே குடியிருக்க முடியாது" என்கிறது மற்றொன்று. செய்தியைப் படிப்பவர்களுக்கு யாரை நம்புவது என்று புரிவதில்லை. இரண்டையுமே நம்பலாம். ஒரே தெருவில் சொந்த வீடு வைத்திருப்பவருக்கும் அடுத்த வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரே பூங்கா எதிரெதிரான விளைவுகளைத் தருகிறது. எந்த விளைவு எவ்வளவு என்பதைப் பூங்காவின் சவாரிகளைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, அது திறப்பதற்கு முன்பே கையெழுத்தாகும் ஒப்பந்தங்கள். எழுபது ஆண்டு அனுபவம் உலகின் பல ஊர்களில் இருப்பதால், இதை ஊகமாகப் பேச வேண்டியதில்லை.

## அடிப்படை: சுவர் எதற்காக?

தொழிற்சாலைக்குள் மூலப்பொருள் போகிறது, சரக்கு வெளியே வருகிறது. தீம் பார்க்குக்குள் போவதும் மனிதர்கள், வெளியே வருவதும் மனிதர்கள். அவர்கள் நாள் முழுவதும் சீராகப் பரவி வருவதில்லை. காலையில் கதவு திறப்பதற்குச் சற்று முன் திரளாக வந்து, இரவு வாணவேடிக்கை முடிந்ததும் திரளாகக் கிளம்புகிறார்கள். ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்ற எண்ணைக் காட்டிலும், உச்ச நாளின் உச்ச மணி நேரத்தில் எத்தனை கார்கள் என்ற எண்தான் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறது. அறிவிப்புகளில் முதல் எண் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

அடுத்தது, பணம் எங்கே செலவாகிறது என்பது. சந்தைக்கு வருபவர் ஊருக்குள் நடப்பார், நாலு கடை ஏறி இறங்குவார். தீம் பார்க்கின் அமைப்பு அதற்கு நேர்மாறானது. கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று திறந்த டிஸ்னிலாந்தைச் சுற்றி மண்மேடு எழுப்பினார்கள். உள்ளே இருப்பவர் கண்ணில் வெளியுலகம் படக்கூடாது என்பது நோக்கம். ஆனால் அப்போது டிஸ்னி வாங்கியிருந்தது சுமார் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு மட்டுமே. மண்மேட்டுக்கு வெளியே மற்றவர்களின் நிலத்தில் மோட்டல்களும் (சாலையோரச் சிறு விடுதிகள்) உணவகங்களும் முளைத்தன. வந்தவர்கள் இரவு தங்கியதும் சாப்பிட்டதும் அங்கேதான், அந்தப் பணம் பூங்காவுக்குப் போகவில்லை.

அடுத்த முறை வால்ட் டிஸ்னி அந்தத் தவறைச் செய்யவில்லை. புளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கர் வாங்கினார். விடுதி, உணவு, கடை, நீர்ப்பூங்கா எல்லாம் தன் எல்லைக்குள்ளேயே இருக்கும்படி திட்டம் அமைந்தது. இன்றைய பெரிய பூங்காக்கள் பெரும்பாலும் இந்த வழியில் போகின்றன. ஆகவே "இத்தனை கோடி செலவழிப்பார்கள்" என்ற கணிப்பைப் படிக்கும்போது, அதில் எத்தனை பங்கு வேலிக்கு உள்ளேயே முடிந்துவிடும் என்று கேட்டாக வேண்டும்.

## நிலம்: அறிவிப்புக்கு முன்பே தொடங்கும் கதை

பூங்கா திறக்கும் நாளில் நில விலை ஏறுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஏற்றம் தொடங்குவது செய்தி கசியும் நாளில். ஆகவே நிலம் யார் கையில், எப்போது, எப்படி மாறியது என்பது முதல் கேள்வி. மூன்று வழிகள் இருக்கின்றன.

1. ரகசியமாக வாங்குவது. புளோரிடாவில் நடந்தது இதுதான். 1964, 65 ஆண்டுகளில், பெயர் தெரியாத சிறு நிறுவனங்கள் பலவற்றின் பெயரில் டிஸ்னி நிலம் வாங்கியது. சராசரி விலை ஏக்கருக்கு 200 டாலருக்கும் குறைவு. 1965 அக்டோபரில் அருகிலுள்ள ஆர்லாண்டோ நகரின் நாளிதழ் வாங்குபவர் யார் என்று எழுதியதும் சுற்றியிருந்த நிலங்களின் விலை பலமடங்காகத் தாவியது. முன்னே விற்றவர்களுக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆனால் ஏற்றத்தின் பலன் யாருக்கு என்பது, விற்பவருக்குத் தெரியாத ஒரு தகவலால் தீர்மானமானது.

2. அரசு கையகப்படுத்திக் கொடுப்பது. 1987 மார்ச் 24 அன்று பிரான்ஸ் அரசும் டிஸ்னியும் வேறு சில பொது அமைப்புகளும் ஒப்பந்தம் செய்தன. பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில், சர்க்கரை பீட் விளைந்த வயல்கள் உட்பட ஏறத்தாழ 1,940 ஹெக்டேர் இதில் அடங்கியது. பாரிஸ் நகரப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமான அளவு. விவசாயிகளிடமிருந்து அரசு எடுத்து, கட்டம் கட்டமாக நிறுவனத்துக்கு விற்கும் ஏற்பாடு. எங்கே வீடு, எங்கே அலுவலகம், எங்கே ரயில் நிலையம் என்பதும் அதே ஒப்பந்தத்துக்குள் வந்தது.

3. கடலைத் தூர்ப்பது. தோக்கியோவை அடுத்த உராயசு, சிப்பியும் கடற்பாசியும் எடுத்து வாழ்ந்த மீனவர் ஊர். 1958-இல் ஒரு காகித ஆலையின் கழிவுநீர் அந்தக் கடலைக் கெடுத்தது. 1962-இல் மீனவர்கள் தங்கள் மீன்பிடி உரிமையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள், 1971-இல் முழுவதையும். தூர்த்த நிலத்தில் 1983 ஏப்ரல் 15 அன்று தோக்கியோ டிஸ்னிலாந்து திறந்தது. 2002 முதல் உராயசு நகரம் தன் இளைஞர்கள் வயதுக்கு வரும் விழாவை அந்தப் பூங்காவிலேயே நடத்துகிறது. தாத்தா சிப்பி எடுத்த இடத்தில் பேரன் சூட் அணிந்து நின்று படம் எடுத்துக்கொள்வது, அந்த ஊரில் நடக்கக்கூடிய ஒன்று. அதே தூர்த்த நிலம் 2011 மார்ச் பூகம்பத்தில் குழைந்து, குடியிருப்புப் பகுதிகளில் வீடுகள் சாய்ந்தன, குழாய்கள் உடைந்தன. பூங்காவின் அடிமண் முன்பே இறுக்கிப் பலப்படுத்தப்பட்டிருந்ததால் அது பெரிய சேதமின்றித் தப்பியது. ஒரே கரையில் இரண்டு தரத்தில் மண் இருந்திருக்கிறது.

## வேலை: எத்தனை என்பதற்கு அடுத்த கேள்வி

தீம் பார்க் வேலை தருகிறது. இதில் சந்தேகமே வேண்டாம். 1971 அக்டோபர் 1 அன்று சில ஆயிரம் ஊழியர்களோடு திறந்த புளோரிடா டிஸ்னியில் இன்று 70,000-க்கும் அதிகமானோர் பணியாற்றுகிறார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாதவருக்கும், மொழி முழுதும் வராத புலம்பெயர்ந்தவருக்கும், முதல் வேலை தேடும் பதினெட்டு வயதினருக்கும் கதவு திறக்கிற தொழில் இது. அதை இழிவாகப் பேசுபவர்கள், அந்த வேலையை நம்பி வாழ்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

ஆனால் வேலையின் எண்ணிக்கையோடு மூன்று விவரங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: எத்தனை முழுநேரம், எத்தனை பருவகாலம், தொடக்க ஊதியம் உள்ளூர் வாடகைக்கு எத்தனை பங்கு. 2020-இல் தொற்றுக் காலத்தில் டிஸ்னி தன் அமெரிக்கப் பூங்காப் பிரிவில் 28,000 பேரை நீக்குவதாக அறிவித்தபோது, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர ஊழியர்கள் என்பது வெளியே தெரிந்தது. அறிவிப்பு நாளில் எண்ணப்படும் "வேலை" என்ற சொல்லுக்குள் இவர்களும் அடக்கம்.

ஊதியம் தானாக ஏறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புளோரிடாவில் தொழிற்சங்கங்களின் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2018-இல்தான், தொடக்க ஊதியத்தை 2021-க்குள் மணிக்கு 15 டாலராக்கும் உடன்பாடு வந்தது. 2023-இல் அது 18 டாலராகியது. அனஹைமில் வேறு வழி: நகரத்திடமிருந்து வரிச்சலுகை பெறும் விடுதித் தொழில் நிறுவனங்கள் குறிப்பிட்ட குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும் என்று 2018-இல் வாக்காளர்களே சட்டம் நிறைவேற்றினார்கள். அந்தச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்று டிஸ்னி வாதிட்டது. பொருந்தும் என்று 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2024-இல் 23.3 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. ஊர் கொடுத்த சலுகைக்கு ஈடாக ஊர்க்காரர்களுக்கு என்ன என்ற கேள்வியை, வாக்குச்சீட்டு வழியாகக் கேட்டு வென்ற அரிதான நிகழ்வு இது.

## வாடகை: மோட்டல் அறையில் ஒரு குடும்பம்

இந்தப் பகுதியில்தான் விஷயம் மிகவும் கசக்கிறது.

புளோரிடா டிஸ்னிக்குப் பக்கத்தில், கிஸ்ஸிமி வழியாகப் போகும் 192-ஆம் எண் நெடுஞ்சாலையில் வரிசையாக மோட்டல்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டியவை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அவற்றில் பல, வேலை செய்யும் குடும்பங்களின் நிரந்தர முகவரிகளாயின. வார வாடகைக்கு ஓர் அறை. அடுப்பு கிடையாது, மைக்ரோவேவ் மட்டும். ஒரே கட்டிலில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், பிறகு அதே கட்டிலில் தூங்குகிறார்கள். காலையில் பள்ளிப் பஸ் மோட்டல் வாசலில் வந்து நிற்கிறது. பெற்றோர் வேலை இழந்தவர்கள் அல்லர். விடுதிகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்களே இவர்களில் நிறையப் பேர். மாத வாடகை வீட்டுக்குத் தேவையான முன்பணமும் கடன் தகுதிச் சான்றும் இல்லாததால், மாத வாடகையைவிட அதிகமாக வாரவாரம் கொடுத்து அறையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எப்படி இந்த நிலை வருகிறது? சங்கிலி இப்படிப் போகிறது.

1. பூங்கா பல்லாயிரம் வேலைகளை ஓர் இடத்தில் குவிக்கிறது. அவற்றில் பெரும்பங்கு தொடக்க ஊதிய வேலைகள்.
2. அந்த ஊதியத்துக்கு ஏற்ற வீடுகளைக் கட்டுவது யாருடைய கடமை என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்வதில்லை. நிறுவனம் விடுதி கட்டுகிறது, வீட்டுமனை நிறுவனங்கள் அதிக லாபம் தரும் வீடுகளைக் கட்டுகின்றன.
3. பூங்காவுக்கு அருகில் உள்ள வீட்டை மாதக் குடித்தனத்துக்கு விடுவதைவிட, விடுமுறைக்காரர்களுக்கு நாள் கணக்கில் விடுவது அதிக வருவாய் தருகிறது. வீடுகள் அந்தப் பக்கம் சாய்கின்றன.
4. வீட்டு மதிப்பு ஏறுகிறது. சொந்த வீட்டுக்காரருக்கு அது சொத்து. வாடகைக்காரருக்கு அதே ஏற்றம் வெளியேறும் அறிவிப்பு.
5. தூரம் போய்க் குடியேறியவர் வேலைக்கு வரக் கார் வேண்டும். ஊதியத்தில் அடுத்த துண்டு அதற்குப் போகிறது.

மூன்றாவது கண்ணியை அறுக்க முடியும். அனஹைம் நகர மன்றம் நாள்வாடகை வீடுகளைப் படிப்படியாக நிறுத்த 2016-இல் முடிவெடுத்தது. நள்ளிரவு விருந்துகள், தெரு முழுக்கக் கார்கள் என்று அண்டை வீட்டார் கொடுத்த புகார்கள் காரணம். பின்னர் உரிமையாளர்களின் எதிர்ப்பால் ஒரு பகுதியை வரம்போடு அனுமதித்தது. இரண்டாவது கண்ணிக்கும் மருந்து உண்டு, ஆனால் தாமதமாக வந்திருக்கிறது. ஆர்லாண்டோவில் யுனிவர்சல் 20 ஏக்கர் நிலம் கொடுத்து, 1,000 குறைந்த வாடகை வீடுகளுக்கான திட்டம் உருவானது. டிஸ்னி 80 ஏக்கர் ஒதுக்குவதாக 2022-இல் அறிவித்தது. பூங்கா திறந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

ஊர் அரசு நேரடியாக வாடகையைக் கட்டுப்படுத்தப் பார்த்தால்? ஆர்லாண்டோ அமைந்திருக்கும் ஆரஞ்சு கவுன்டியின் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வாக்காளர்கள் 2022 நவம்பரில் வாடகை உச்சவரம்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். நீதிமன்றம் தடுத்தது. மறு ஆண்டு மாநிலச் சட்டமே உள்ளூர் அரசுகளிடமிருந்து அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டது.

## வரிப் பணம்: பை யாருடையது, சாவி யாரிடம்?

தீம் பார்க் வந்தால் ஊருக்கு வரி வருமானம் கொட்டும் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கொட்டத்தான் செய்கிறது. ஆனால் எந்த வரி, எந்தக் கணக்கில் விழுகிறது, அதை எதற்குச் செலவழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று மூன்றையும் பிரித்துப் பார்க்காதவரை அந்த வாதத்துக்கு மதிப்பில்லை.

முக்கியமானது விடுதி வரி: வெளியூர்க்காரர் இரவு தங்கும் அறை வாடகை மீது விதிக்கும் வரி. இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அனஹைமில் இந்த வரி 15 சதவீதம். நகரத்தின் பொது நிதிக்குப் போகிறது. போலீஸ், தீயணைப்பு, நூலகம் எதற்கும் செலவழிக்கலாம். அந்தப் பொது நிதியின் மிகப் பெரிய ஊற்றே இதுதான்.

புளோரிடாவின் ஆரஞ்சு கவுன்டியில் 6 சதவீதம். சதவீதம் குறைவு என்பது பிரச்சினையே இல்லை, விடுதி அறைகள் மிக அதிகம். பிரச்சினை, மாநிலச் சட்டம் அந்தப் பணத்தைக் கட்டிவைத்திருப்பது. மாநாட்டு மையம், விளையாட்டரங்கம், சுற்றுலா விளம்பரம் போன்றவற்றுக்கே பெரும்பாலும் செலவழிக்க முடியும். ஆகவே சுற்றுலாப் பயணிகள் கட்டிய வரி, மேலும் சுற்றுலாப் பயணிகளை அழைக்கச் செலவாகிறது. அவர்களால் கூடும் நெரிசலுக்குப் பஸ் வாங்க அதே பணத்தை எடுக்க முடிவதில்லை. போக்குவரத்துக்காக விற்பனை வரியில் 1 சதவீதம் கூட்டலாமா என்று 2022-இல் குடிமக்களிடம் கேட்டார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். சுமையைக் கொண்டுவந்தவர்களின் வரி ஒரு பெட்டியில் பூட்டியிருக்க, சுமையைத் தாங்குபவர்களிடம் இன்னொரு வரி கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

மறுபக்கம், ஊர் கொடுக்கும் பணமும் இருக்கிறது. 1990-களின் பின்பகுதியில் அனஹைம் நகரம் 51 கோடி டாலர் அளவுக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு, சுற்றுலாப் பகுதியின் சாலைகள், மாநாட்டு மைய விரிவு, சுமார் 10,000 கார்கள் நிற்கும் கட்டடம் ஆகியவற்றுக்கு வழிசெய்தது. அந்தக் கார் நிறுத்தும் கட்டடத்தை நிறுவனம் ஆண்டுக்கு 1 டாலர் குத்தகைக்கு எடுத்தது. நிறுத்தக் கட்டணம் நிறுவனத்துக்கு. நகரத்தின் பக்க நியாயமும் உண்டு: அந்த முதலீட்டால் 2001-இல் இரண்டாவது பூங்கா வந்தது, விடுதி வரி பெருகியது. ஆனாலும், பொதுப் பணத்தில் கட்டிய சொத்தின் அன்றாட வருமானத்தை முற்றிலும் விட்டுக்கொடுத்தது தேவையற்ற தாராளம் என்பது என் மதிப்பீடு. ஒரு சிறு பங்கைக் கேட்டிருந்தால் அந்தப் பூங்கா வராமல் போயிருக்காது.

## சத்தம், வெளிச்சம், கூட்டம்

வீட்டுக்கு அருகில் ரோலர் கோஸ்டர் என்றால் கேட்பது ஒரே வகைச் சத்தம் அல்ல. முதலில் வண்டியை மேலே இழுக்கும் சங்கிலியின் கட கட ஒலி. பிறகு ஒரு நொடி மௌனம். பிறகு இறங்கும் இரைச்சலும் முப்பது பேரின் அலறலும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மறுபடியும் அதே வரிசை. விடுமுறைக் காலம் முழுவதும், காலையிலிருந்து மூடும்வரை. சாலை இரைச்சல் சீரானது என்பதால் காது அதற்குப் பழகிவிடும். அடுத்த அலறலுக்காகக் காத்திருக்கும் காது பழகுவதில்லை. நாள் சராசரி டெசிபல் கணக்கில் இது சிறிய எண்ணாகத் தெரிவதற்குக் காரணம், சராசரியில் மௌனமும் சேர்ந்துவிடுவது. டெசிபல் அளவுகோலும் நேர்க்கோட்டில் ஏறுவது அல்ல. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகக் கேட்கும்.

இங்கிலாந்தின் ஆல்ட்டன் டவர்ஸ் பூங்காவுக்கு அருகே குடியிருந்த ஒரு தம்பதி இந்தச் சத்தத்துக்காகவும் வாணவேடிக்கைக்காகவும் வழக்குத் தொடுத்தார்கள். 2004-இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று ஒலிக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. மேல்முறையீடுகளில் விவரங்கள் மாறினாலும் பூங்காவின் ஒலி சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்தது. "தெரிந்துதானே அங்கே குடிவந்தார்கள்" என்று பலர் கேட்பதுண்டு. தொல்லை இருக்கும் இடத்துக்குப் பிறகு குடிவந்தவர் என்பதாலேயே ஒருவரின் புகார் செல்லாததாகிவிடாது என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு. மோட்டார் பந்தயத் திடல் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உறுதிசெய்தது.

அதே பூங்காவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எந்தச் சவாரியும் மரங்களின் உச்சிக்கு மேலே தெரியக்கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே உண்டு. 1994-இல் நெமிசிஸ் என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டும்போது மேலே போக வழியில்லாததால், பாறையை வெடிவைத்துக் குடைந்து கீழே இறங்கினார்கள். பாறைக் குழிக்குள் சுழன்று ஓடும் அந்தச் சவாரி புகழ்பெற்றது. கட்டுப்பாடு விதித்தால் நிறுவனம் ஓடிவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு அந்தக் குழியே பதில். தொழில்நுட்பமும் இந்தப் பக்கம் உதவுகிறது. 2004-இல் அனஹைம் டிஸ்னிலாந்து, வாணங்களைக் கருமருந்தால் அல்லாமல் அழுத்தக் காற்றால் ஏவும் முறைக்கு மாறியபோது தரைமட்டப் புகையும் ஏவும் சத்தமும் குறைந்தன.

கூட்டத்தைப் பொறுத்தவரை, ரயில் வந்த ஊருக்கும் வராத ஊருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பாரிஸ் ஒப்பந்தத்தில் புறநகர் ரயில் பாதையை நீட்டுவது நிபந்தனையாக இருந்தது. 1992 ஏப்ரல் 12 அன்று பூங்கா திறந்தபோது அதன் வாசலிலேயே ரயில் நின்றது. 1994-இல் அதிவேக ரயில் நிலையமும் வந்தது. சுற்றியிருந்த ஐந்து கிராமங்கள் இன்று வால் தியூரோப் என்ற நகரப் பகுதியாக, முன்பிருந்ததைப் போலப் பலமடங்கு மக்கள்தொகையோடு இருக்கின்றன. அங்கே வசிப்பவர் பூங்காவுக்குப் போகாமலேயே அந்த ரயிலில் பாரிஸுக்கு வேலைக்குப் போகலாம். புளோரிடாவில் இன்றுவரை பெரும்பாலான வருகை சாலை வழியே.

## ஊரை ஆள்வது யார்?

1967 மே மாதம் புளோரிடா மாநிலம், ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம் என்ற தனி நிர்வாகத்தை டிஸ்னி நிலத்தில் உருவாக்கியது. கட்டட விதி, தீயணைப்பு, வடிகால், மின்சாரம் எல்லாம் அதன் கையில். நில அளவின்படி வாக்கு. எனவே ஏறத்தாழ முழு நிலமும் வைத்திருந்த நிறுவனமே குழுவைத் தேர்ந்தெடுத்தது. இதனால் அண்டைக் கவுன்டிகளின் வரி செலுத்துவோர் உள்ளே சாலை போட வேண்டியிருக்கவில்லை. அது நன்மை. எல்லைக்குள் என்ன கட்டுவது என்பதில் அண்டையில் வசிப்பவர்களுக்குச் சொல்லே இல்லாமல் போனது. அது விலை. 2023-இல் மாநில அரசு அதை மாற்றி, ஆளுநர் நியமிக்கும் குழுவிடம் கொடுத்தது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அப்போதும் வாக்கு வரவில்லை.

## மூடிவிட்டால்?

பூங்காவைச் சார்ந்தே ஊர் பழகிவிட்ட பிறகு கதவு மூடினால் என்ன என்பதை அறிவிப்பு நாளில் யாரும் பேசுவதில்லை. டிஸ்னிலாந்து தொற்றினால் 2020 மார்ச்சில் மூடி 2021 ஏப்ரல் 30 அன்றுதான் திறந்தது. அந்த ஓராண்டுக்கும் மேல் அனஹைமின் விடுதி வரி வறண்டது. ஒஹையோவில் நூறாண்டுக்கு மேல் இயங்கிய ஜியாகா லேக் பூங்காவை, 2007 பருவம் முடிந்து சில நாட்களில், இனித் திறக்காது என்று அறிவித்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் மூழ்கடித்த பூங்கா துருவேறி நின்றது. இடிக்கும் வேலை தொடங்கியது 2024-இல்.

வேண்டாம் என்று தடுத்தால் பழையபடி இருக்கும் என்பதும் உறுதியில்லை. வர்ஜீனியாவின் ஹேமார்கெட் அருகே 3,000 ஏக்கரில் டிஸ்னி அறிவித்த பூங்காவை, வரலாற்று அறிஞர்களும் சுற்றுவட்டார மக்களும் எதிர்த்து 1994 செப்டம்பரில் கைவிடச் செய்தார்கள். வயல்கள் பின்னர் குடியிருப்பு மனைகளாயின.

## கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். நிறுவனத்துக்கு அனுமதி தேவைப்படும் சில மாதங்கள் மட்டும் அது ஏறுகிறது. அந்தக் காலத்தில் எழுத்தில் வாங்கவேண்டியவை:

1. விடுதி வரியும் சொத்து வரியும் எந்தக் கணக்குக்குப் போகும்? வீடு, பஸ், பள்ளிக்குச் செலவழிக்கச் சட்டத் தடை உண்டா?
2. ரயிலும் சாலையும் திறப்பதற்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் அது வாக்குறுதி மட்டுமே.
3. எத்தனை தொடக்க ஊதிய வேலைகளுக்கு எத்தனை வாடகை வீடுகள், எத்தனை கிலோமீட்டருக்குள்?
4. ஒலி வரம்பு உச்ச அளவில் சொல்லப்பட்டிருக்கிறதா, சராசரியிலா? அளப்பது யார்?
5. நாள்வாடகை வீடுகளுக்கு வரம்பு உண்டா?
6. மூடினால் இடித்து நிலத்தைச் சீராக்கும் செலவு யாருடையது?

2024-இல் அனஹைம் டிஸ்னிலாந்து தன் நிலத்தில் புதியவற்றைக் கட்ட, எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகளைத் தளர்த்தும்படி நகர மன்றத்திடம் வந்தது. மன்றம் அனுமதி கொடுத்தது. ஈடாக, பத்தாண்டுக்குள் குறைந்தது 190 கோடி டாலர் முதலீடு, குறைந்த வாடகை வீடுகளுக்கு 3 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. 1955-இல் ஆரஞ்சுத் தோப்பை அழித்துக் கட்டியபோது அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. அன்று ஊரின் மக்கள்தொகை சில பத்தாயிரம். வீடு ஒரு பிரச்சினையாகும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். 1950-இல் 14,500 பேர் இருந்த ஊரில் 1960-இல் 1,04,000 பேர் இருந்தார்கள்.